சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒன்றேகால் மணி நேரம்

பந்தலூரில் பஸ் ஏறியபோது பக்கத்து சீட்டில் செல்லையா அண்ணன். எஸ்டேட் ஃபேக்டரியில் வேலை பார்ப்பவர்.

"டீச்சர், மெட்ராஸ்ல இருந்து கொழும்புக்கு பிளேன்ல எவ்வளவு நேரம்னு போன்ல பாத்துச் சொல்லுங்க."

"ஒன்னேகால் மணி நேரம்ண்ணே."

"அவ்வளவுதானா? இந்த பஸ் கூடலூர் போற நேரந்தான்." முகம் தெளிந்தது. "நாங்க இந்தியா வந்தப்ப அக்கா கல்யாணமாகி அங்கயே நின்னுட்டாங்க. காலைல தவறிட்டாங்க. நாளைக்கு அடக்கம்."

"பாஸ்போர்ட் இருக்காண்ணே?"

பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பல வருடங்களுக்கு முன் இலங்கையிலிருந்து குடும்பத்தோடு கப்பலில் வந்தபோது அவர் அப்பாவுக்குக் கொடுத்தது. போட்டோவில் அம்மா மடியில் ஐந்து வயதுப் பையனாக இவர்.

"வந்தது இதுலதான. போறதுக்கு ஆகாதுங்களா?"

கூடலூர் வந்துவிட்டது. அந்த நேரத்துக்குப் பிளேன் கொழும்பிலேயே இறங்கியிருக்கும். பாஸ்போர்ட்டைக் கவரில் போட்டு அவரிடம் கொடுத்தேன்.

நீங்களாக இருந்தால் அவருக்கு என்ன சொல்லியிருப்பீர்கள்?