பனியன் துணியில் பழகிய நாய்

எங்கள் வீட்டுக்கு நாய் வந்தது நாய்மேல் இருந்த ஆசையால் அல்ல. என் வீட்டுக்காரரின் பங்காளி ஒருவர் புது வீடு கட்டிக் குடிபோனார். பால் காய்ச்சிய அன்று அவர் மனைவி ஒரு வெள்ளைக் குட்டிநாயை இடுப்பில் வைத்துக்கொண்டே எல்லோருக்கும் காபி கொடுத்தாள். அதைப் பார்த்துவிட்டு வந்த நாள் முதல் இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர்கள் வீட்டில் லிப்ட் இருக்கிறது, அது நம்மால் முடியாது. நாய் முடியும். அடுத்த வாரமே கோயமுத்தூர் போய் ஷிட்சூ என்கிற ஜாதியில் ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

காங்கேயத்துப் பக்கம் தோட்டத்தில் பிறந்து, காளைகளின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து வளர்ந்த மனிதர். அவர் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நாயை நீட்டி, "எப்படிப் பாக்குது பாரு அம்மிணி" என்றார். முகமெல்லாம் மயிர். அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. ஏதோ ஓர் இங்கிலீஷ் பெயரும் வைத்திருந்தார். அதை நான் வாயில் வைக்கவே இல்லை. நாய் என்றுதான் கூப்பிட்டேன். அதற்கும் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது.

கீழே எங்கள் கம்பெனி, மேலே வீடு. திருப்பூரில் இரண்டு தையல் மெஷின் போட்டாலே கம்பெனிதான். எங்களிடம் பதினெட்டு இருக்கிறது, ஆகவே இவரை எல்லோரும் முதலாளி என்பார்கள். முதலாளிக்கு நாய் வாங்கத்தான் நேரம் இருந்தது. அது போன இடத்தைத் துடைக்க நேரமில்லை. முதல் இரண்டு நாளும் குனிந்து குனிந்து என் இடுப்பு விட்டுப்போனது.

நாயை விற்றவன், மூலையில் பேப்பரை விரித்து அதன்மேல் போகப் பழக்கச் சொல்லியிருந்தான். எங்கள் வீட்டில் பேப்பர் நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. நாய்ச் சாமான் விற்கும் கடையில் விசாரித்தால், பஞ்சு வைத்துத் தைத்த விரிப்பு ஒன்றைக் காட்டினார்கள். ஈரத்தை உறிஞ்சுமாம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. உலகத்துக்கே பனியன் தைத்து அனுப்புகிற ஊரில், உறிஞ்சுகிற துணிக்குக் கடை ஏறி இறங்குவேனா நான்? கீழே கட்டிங் டேபிளுக்கு அடியில் வெட்டி விழுந்த பனியன் துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. வண்டி துடைப்பது, அடுப்பு துடைப்பது, மூக்கு துடைப்பது எல்லாம் இந்த ஊரில் அந்தக் கட்டிங் வேஸ்ட்டில்தான். "நம்மூர்ல இல்லாத துணியாங்க?" என்று கடைக்காரரிடமே கேட்டுவிட்டு வந்தேன்.

ஒரு மூட்டையை மேலே ஏற்றி, பாத்ரூம் பக்கத்து மூலையில் மெத்தை மாதிரிப் பரப்பினேன். தின்றவுடன் தூக்கிக்கொண்டுபோய் அதன்மேல் விடுவேன். போனால் ஒரு துண்டு பிஸ்கட். ஐந்தே நாளில் பிடித்துக்கொண்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பங்காளி மனைவிக்குப் போன் போட்டு, நலம் விசாரிக்கிற மாதிரி ஆரம்பித்து, அவர்கள் நாய் இன்னும் சோபாவில்தான் போகிறது என்று அவள் வாயாலேயே சொல்ல வைத்த பிறகுதான் போனை வைத்தேன்.

இரண்டு வாரம் என் ராஜ்யம் நடந்தது. அதன்பிறகு நாய் கால்மிதியில் போனது. அப்புறம் கொடியிலிருந்து நழுவி விழுந்த என் நைட்டியில். அப்புறம் இவர் கழற்றிப் போட்ட பனியனில். எங்கள் ஊர் ராயபுரத்திலிருந்து ஒரு சொந்தக்காரப் பெண் நாய் பார்க்கவென்றே குழந்தையோடு வந்தாள். குழந்தை தரையில் உட்கார்ந்திருந்தது. எங்கள் படித்த நாய் போய் அதன் கவுனை முகர்ந்து, பரந்து கிடந்த ஓரத்தின்மேல் பக்குவமாக உட்கார்ந்து எழுந்தது. அவள் மிச்சக் காபியைக் குடிக்காமலே கிளம்பினாள்.

ஈரத்தில் மூக்கைத் தேய்த்து இரண்டு வைத்தால் புத்தி வரும் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். மெத்தப் படித்தவர்களும் சொல்வார்கள். நானும் தேய்த்தேன். ஒவ்வொரு தடவையும் தேய்த்தேன். துணி அளக்கிற ஸ்டீல் ஸ்கேலால் பின்பக்கம் வைத்தேன். அது கத்தாது. தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளும். சில நாளில் என் கண்ணில் படாமல் போக ஆரம்பித்தது. பீரோ சந்தில் விழுந்து கிடந்த டீசர்ட்டில், கட்டிலுக்கடியில் கிடந்த பழைய பனியனில். திருட்டுப் புத்தி வேறா உனக்கு என்று அதற்கும் சேர்த்து அடித்தேன்.

இவர் அதுவரை எதையும் கண்டுகொள்ளவில்லை. அவருக்கென்ன, துடைக்கிறவள் நான். ஒரு புதன்கிழமை, வெளிநாட்டுக்காரர் சம்மதத்துக்கு அனுப்ப வேண்டிய சாம்பிள் டீசர்ட்டுகளைக் கடைசியாக ஒருமுறை பார்க்கவென்று மேலே கொண்டுவந்து ஹாலில் வரிசையாகப் பரப்பிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். கை கழுவிவிட்டு வருவதற்குள் நாய் ஒன்றுக்கு இரண்டு பீஸை முடித்திருந்தது. கீழே ஓடி, புதிதாக வெட்டித் தைத்து, சாயங்காலக் கூரியரைப் பிடிப்பதற்குள் பதினெட்டு மெஷினும் ஆடிப்போய்விட்டது.

"ஞாயித்துக்கிழமை தோட்டத்துக்குப் போறப்ப இதைக் கொண்டுபோயி உட்டுப்போட்டு வந்தர்றேன். சொல்லிப்போட்டேன் அம்மிணி" என்றார். பங்காளிக்குக் காட்டியாயிற்று, இனி நாய் எதற்கு.

தோட்டத்தில் என் கொழுந்தனார் வளர்க்கிற இரண்டு நாய்களையும் எனக்குத் தெரியும். ஆட்டுக்கிடாய் உயரம். இது அவற்றுக்கு ஒரு வாய் காணாது. அதன் பெயரைக்கூட வாயில் வைக்காதவள் நான்தான், அதைத் தினமும் அடித்தவளும் நான்தான். ஆனாலும் அத்தனை அடியும் வாங்கிக்கொண்டு, நான் சமைக்கும்போது என் பாதத்தின்மேல் தாடையை வைத்துத்தான் அது தூங்கும். அதை அனுப்ப எனக்கு மனம் இல்லை.

கீழே செக்கிங்கில் வேலை செய்கிற திருநெல்வேலிக்காரப் பெண் ஒருத்தி, துணியில் ஓட்டை, கறை பார்த்துப் பார்த்து எல்லாவற்றிலும் குறை கண்டுபிடிக்கிறவள். மறுநாள் டீ குடிக்கையில் அவளிடம் புலம்பினேன். தம்ளரைக் கீழே வைத்தாள்.

"யக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியளே? பனியன் துணியில போவணும்னு நீங்கதான அதுக்குப் படிச்சுக் குடுத்திய. இத்தன நாள்ல வெறுந்தரையில ஒரு சொட்டு விட்டுருக்கா? சோபாவுல? துணியத் தேடித் தேடில்லா போவுது. அது படிச்சத ஒழுங்காத்தான் படிச்சிருக்கு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பீஸ் பார்க்க வந்தவள் எனக்கு நாய் வளர்க்கச் சொல்லித்தருகிறாளா என்று விறுவிறுவென்று மேலே போனேன். போய், இவருடைய வேட்டி ஒன்று, குளிக்கிற துண்டு ஒன்று, கட்டிங் வேஸ்ட் ஒரு கைப்பிடி, மூன்றையும் ஹாலில் பரப்பிவிட்டுக் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். நாய் வேட்டியை முகர்ந்தது, தாண்டியது. துண்டை முகர்ந்தது, தாண்டியது. பனியன் துண்டுகளின்மேல் ஏறி உட்கார்ந்தது. முடித்துவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தது, நான் எங்கேயாவது நிற்கிறேனா என்று.

எங்கள் வீட்டில் கால்மிதி, நைட்டி, டீசர்ட் முதல் கரித்துணிவரை எல்லாம் பனியன் துணி, அந்தக் குழந்தையின் கவுனும் அதுதான். உடுத்துவது அது, விற்பது அது, சாப்பிடுகிற சோறும் அதில் வந்தது. அதிலெல்லாம் போ என்று ஒரு பிராணிக்கு அரும்பாடுபட்டுக் கற்பித்துவிட்டு, போனதற்கு மூக்கைத் தேய்த்திருக்கிறேன். ஊரில் ஒரு மடச்சி இப்படிச் செய்தாள் என்று யாராவது சொல்லியிருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். அன்று எனக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டில் கீழே கிடந்த துணியை எல்லாம் வாரிப் பரணில் போட்டேன். மொட்டைமாடியில் ஓர் அகலத் தட்டில் மணலைக் கொட்டி, மேலே அதன் வாசனை உள்ள பனியன் துண்டு ஒன்றை வைத்தேன். மறுநாள் துண்டைப் பாதியாக வெட்டினேன். சனிக்கிழமை அதையும் எடுத்துவிட்டேன். ஆனால் நான் நிற்கும்வரை அது போகவில்லை. வெயிலில் அரைமணி நேரம் நின்றேன், பிஸ்கட்டைக் காட்டினேன், கண்ணு, சாமி என்று கெஞ்சினேன். கால் நடுங்க அடக்கிக்கொண்டு தரையோடு படுத்துக்கொண்டது. குக்கர் சத்தம் கேட்டுக் கீழே இறங்கி, திரும்பி வந்து பார்த்தால் மணல் நனைந்திருந்தது.

"ஏனுங்க, பழகிருச்சுங்க, மணல்ல போகுதுங்க" என்றேன் இவரிடம்.

"நீ கண்ணால பாத்தியா?"

பார்க்கவில்லை என்றேன். அதைக் காப்பாற்ற நான் பொய் சொல்வதாக அவருக்கு நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலை காரில் நாய்க்கென்று ஒரு கூடையை வைத்துவிட்டு, வழியில் சீட்டை நனைத்துவிடுமே என்று அவரே நாயை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். சீட்டின்மேல் இருந்த அக்கறை. நான் படியில் நின்றுகொண்டேன். இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. "அம்மிணி! இங்க வா, வந்து பாரு! என் கண்ணு முன்னாடியே போகுது!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். அவர் அதை ஒருநாளும் தொட்டு அடித்ததில்லை. அதனால் அவர் முன்னால் அதற்குக் கூச்சமில்லை.

கூடை காரிலிருந்து இறங்கியது. நாய் எங்களுடனேயே இருக்கிறது. மணலில் போக அவர்தான் பழக்கினார் என்று பங்காளி வீடு முழுக்கப் பேச்சு. பேசட்டும், எனக்கு நாய் இருந்தால் போதும்.

தினமும் காலையில் அதை மாடிக்குக் கூட்டிப்போவது நான்தான். மணலில் இறக்கி விட்டதும் அது என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். நான் திரும்பிக் கைப்பிடிச் சுவரைப் பார்த்து நின்றுகொள்வேன். மணலைச் சுரண்டுகிற சத்தம் கேட்கும். ஒரே ஒரு நாள், இனிப் பயமிருக்காது என்று நினைத்து மெதுவாகத் தலையைத் திருப்பினேன். பாதியில் நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டது.