குட்டி வருவதற்கு முன் வாங்க வேண்டியவை

என் தம்பி ஸ்ரீதரனின் மனைவி கஜேந்தினிக்குப் பட்டியல் எழுதாவிட்டால் சாப்பாடு செமிக்காது. ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் பகுதியில், ஐந்தாம் மாடியில் உள்ள அவர்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எப்போதும் மூன்று நான்கு தாள்கள் ஒட்டியிருக்கும். கடைக்கு ஒன்று, கோயில் திருவிழாவுக்கு எடுத்துப்போக ஒன்று, பல் வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு ஒன்று. அவள் ஒஸ்லோவிலேயே பிறந்து வளர்ந்தவள். நாங்கள் எல்லாவற்றையும் தலைக்குள் வைத்திருந்து பாதியை மறந்துவிடுகிற ஆட்கள். அவள் எழுதுவாள், செய்து முடிப்பாள், மேலே கோடு கீறுவாள். "நீர் அரசாங்கக் கச்சேரியிலை கிளாக்கராய் இருக்க வேண்டிய ஆள்" என்று நான் பகிடி பண்ணினால் கோபிக்காமல் சிரிப்பாள்.

பார்னஹாகெ என்று இங்கே சொல்கிற பாலர் பள்ளியில் அவள் ஒன்பது வருடம் வேலை செய்தாள். பனிக்காலத்தில் பதினெட்டுப் பிள்ளைகளுக்குத் தடித்த உடுப்பும் கையுறையும் தொப்பியும் மாட்டி வெளியே கூட்டிக்கொண்டு போவது லேசுப்பட்ட காரியம் இல்லை. கடைசிப் பிள்ளைக்கு மாட்டி முடிக்கும்போது முதல் பிள்ளை மூத்திரம் வருகிறது என்று நிற்கும். நானாக இருந்தால் ஒரு வாரத்தில் தொண்டை கிழிந்திருப்பேன். அவள் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. ஸ்டோவ்னர் கடைத்தொகுதிக்குள் அவளோடு நடந்துபோக ஏலாது. எங்கிருந்தாவது ஒரு வாண்டு ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொள்ளும்.

அவளுக்கு வயிற்றில் பிள்ளை தங்கியபோதும் பட்டியல்தான் போட்டாள். முப்பதாவது வாரத்திற்குள் தொட்டில், தள்ளுவண்டி, உடுப்பு மாற்றுகிற மேசை, மணமில்லாத சவர்க்காரத்தில் தோய்த்து மடித்த சட்டைகள் என்று எல்லாம் வீட்டில் இருந்தன. நோர்வேக்காரர் அப்படித்தான் செய்வார்கள். பிள்ளை பிறந்தபிறகு கடை கடையாக ஓட அவர்களுக்கு மாமி மச்சாள் கூட்டம் இல்லை.

முப்பத்தெட்டாவது வாரம் பிள்ளையின் இதயம் வயிற்றுக்குள்ளேயே நின்றுவிட்டது. பெண்பிள்ளை. யாருடைய பிழையும் இல்லை, சில வேளைகளில் இப்படி நடக்கும், காரணம் தெரிவதில்லை என்று டாக்டர் சொன்னார்.

அடுத்த கிழமை நாங்கள் பெண்கள் சில பேர் சோறு கறி சமைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனோம். அவள் அறைக்குள் படுத்திருந்தாள். குசினியில் நின்று கறியைச் சூடாக்கிக்கொண்டே நான் சொன்னேன்: "எங்கடை ஆக்கள் பிள்ளை பிறக்க முன்னம் ஒரு துணிகூட வாங்கமாட்டினம். இவள் தொட்டில் வரைக்கும் வாங்கி அடுக்கிப்போட்டாள். பிறகென்ன?" கூட நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். எனக்கு வாய் நீளம், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அது வாய்த்தவறு இல்லை. நான் அதை நம்பித்தான் சொன்னேன். நான் மூன்று முறை பிள்ளைத்தாச்சியாக இருந்தபோதும், பெற்றோர் வீட்டிலிருந்து பார்க்க வந்தவர்கள் வெறுங்கையோடுதான் வந்தார்கள். என் பிள்ளைகளுக்குத் துணிகூடப் பிறந்தபிறகுதான் வாங்கினோம். மூன்றும் நன்றாக இருக்கின்றன. இதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு கஜேந்தினி பாலர் பள்ளிக்குத் திரும்பிப் போகவில்லை. நூலகம் ஒன்றின் பின்னறையில், திரும்பி வருகிற புத்தகங்களைப் பிரித்து அடுக்குகிற வேலை எடுத்தாள். குளிர்சாதனப் பெட்டிக் கதவு வெறுமையாகக் கிடந்தது. கேட்டால் பதில் சொல்வாள், தந்தால் சாப்பிடுவாள். தானாக ஒன்றும் வேண்டும் என்று கேட்கமாட்டாள். தம்பி பஸ் ஓட்டுகிறவன், அதிகம் கதைக்கத் தெரியாதவன். வேலை முடிந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் பேசாமல் இருப்பான். இப்படி இரண்டு வருடம் போனது.

இந்த வருடம் சித்திரை மாதம் அவளே வாய் திறந்தாள். "ஒரு நாய்க்குட்டி வளர்ப்பமா?" என்று தம்பியைக் கேட்டிருக்கிறாள். அவன் அந்த நிமிடமே எனக்குத் தொலைபேசி எடுத்தான். "அக்கா, அவ ஒண்டு கேட்டிட்டா" என்றான். வீட்டுக்குள் நாயா என்று கேட்க வந்த வாயை நான் இழுத்து மூடிக்கொண்டேன்.

நான் இருக்கிற லில்லெஸ்ட்ரோமுக்கு வெளியே, வயல் பக்கம், இங்கர் என்று ஒரு பெண்மணி இருக்கிறார், நாய் வளர்த்துக் குட்டி கொடுப்பவர். தபால் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருடைய நாய் நான்கு குட்டி போட்டிருந்தது. மூன்று பேருமாகப் பார்க்கப் போனோம். பழுப்பு நிறக் குட்டி ஒன்று தடுமாறி வந்து கஜேந்தினியின் சப்பாத்தின் மேல் ஏறிப் படுத்து அப்படியே தூங்கிப்போனது. அவள் முக்கால் மணி நேரம் காலை அசைக்காமல் நின்றாள். அவள் முகத்தை அப்படி நான் இரண்டு வருடமாகப் பார்க்கவில்லை. இந்தக் குட்டி எப்படியாவது அவளுக்கு வந்துசேர வேண்டும் என்று கும்பிட்டேன்.

இங்கர் கறாரான ஆள். வீடு எப்படி, எத்தனை பேர், குட்டி எவ்வளவு நேரம் தனியே இருக்கும் என்று விசாரித்தார். ஒரே தளத்து வீடு, உள்ளே படி இல்லை, மேலே போக லிப்ட் இருக்கிறது என்றதும் அவருக்குச் சந்தோசம். குட்டிகளின் மூட்டுக்குப் படி கூடாதாம். பிறகு ஒரு தாளை நீட்டினார். முன்பு ஒருவர் ஒன்றும் வாங்காமல் குட்டியைக் கொண்டுபோய்க் குளியலறையில் ஒரு துவாயில் போட்டு வைத்திருந்தாராம். அதிலிருந்து அவருக்கு ஒரு சட்டம்: கொடுப்பதற்கு ஒரு கிழமை முன்னதாக, தாளில் உள்ளதையெல்லாம் வாங்கி வீட்டில் வைத்து, படம் எடுத்து அனுப்ப வேண்டும். படம் வராவிட்டால் குட்டி இல்லை.

அந்தத் தாளைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. எழும்பி நின்று திரும்பிப் படுக்கிற அளவுக்கு ஒரு கூடு, உள்ளே விரிக்க மெத்தை. தட்டுப்பட்டாலும் கவிழாத கனமான கிண்ணம் இரண்டு. இங்கர் கொடுக்கிற அதே உணவு, மாற்றினால் வயிற்றால் போகுமாம். கழுத்தை இறுக்காத மார்ப்பட்டி, பெயரும் தொலைபேசி எண்ணும் பொறித்த தகடு, பல் முளைக்கிற ஊரலுக்குக் கடிக்கச் சாமான், மூத்திர மணம் போக்கத் தெளிக்கிற மருந்து, மலம் அள்ளப் பை. நாய்க்கு நகம் வெட்டியுமா என்று நான் கேட்டதற்கு இங்கர் சிரிக்கவில்லை. கஜேந்தினி தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தாள்.

மூன்று கிழமை போயும் ஒன்றும் வாங்கவில்லை. "நீங்கள் ஒருக்கால் கூட்டிக்கொண்டு போங்கோ அக்கா, நான் கேட்டால் நாளைக்கு நாளைக்கு எண்டுறா" என்றான் தம்பி. லில்லெஸ்ட்ரோமில் ஒரு செல்லப்பிராணிக் கடைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். தள்ளுவண்டிக்குள் ஒரு கிண்ணத்தை எடுத்து வைத்தாள். சிறிது நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திருப்பி எடுத்துச் சுவர்த் தட்டில், இருந்த இடத்திலேயே, துளி சத்தம் வராமல் வைத்தாள்.

"குட்டி வந்தாப்பிறகு வாங்குவம் மச்சாள்" என்றாள். "இந்தக் கடை ஆறு மணி மட்டும் திறந்துதானே இருக்கும்."

"படம் அனுப்ப வேணுமெல்லே."

"எனக்கு ஏலாமல் கிடக்கு."

எனக்கு விளங்கியது. நான் குசினியில் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது என்று அந்த இடத்திலேயே எனக்கு விளங்கியது. கிண்ணங்கள் அடுக்கிய தட்டுக்கு முன்னால், ஆள் நடமாட்டமில்லாத மூலையில், நானும் அவளும் மட்டும் நின்றோம். அன்றைக்கு நான் சொன்னது பிழை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "சரி வாரும், கோப்பி குடிப்பம்" என்றேன்.

அதற்குப் பதிலாக ஒரு கெட்டித்தனம் செய்தேன். என் வீட்டில் வாங்கி வைத்தால் அவள் வீட்டில் வாங்கி வைத்ததாக ஆகாது. எங்கள் ஆட்களிடம் அதற்கும் ஒரு வழி இருக்கிறது. முன்னதாக வாங்கத்தான் வேண்டும் என்றால் பெற்றோர் வீட்டிலோ உறவுக்காரர் வீட்டிலோ வைத்திருந்து, பிள்ளை வந்தபிறகு கொண்டுவருவார்கள். அடுத்த நாளே போய்த் தாளில் இருந்த எல்லாவற்றையும் வாங்கினேன். என் வீட்டு வரவேற்பறையில் கூட்டை வைத்து, மெத்தை விரித்து, கிண்ணங்களை நிரைக்கு வைத்தேன். தம்பி வந்து படம் எடுத்து இங்கருக்கு அனுப்பினான். கஜேந்தினிக்கு நாங்கள் சொல்லவில்லை. சந்தோசமாக இருந்தது. பெரிய காரியம் சாதித்த மாதிரித் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தோம்.

என் வீடு இரண்டு தட்டு வீடு. படத்தில், கூட்டுக்குப் பின்னால் மாடிப்படி நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இங்கர் தம்பிக்குத் தொலைபேசி எடுத்து இது யாருடைய வீட்டுப் படி என்று கேட்டார். பொய் சொல்லத் தெரியாதவன் உண்மையைச் சொன்னான். ஏன் என்று கேட்டபோது, எங்கள் வழக்கத்தை நோர்வேஜிய மொழியில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் திக்கியிருக்கிறான். குட்டி உண்மையில் எந்த வீட்டுக்குப் போகப்போகிறது என்று தெரியாமல் தன்னால் கொடுக்க முடியாது என்றார் அவர். நான் பிறகு எடுத்துக் கெஞ்சினேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். காத்திருந்த இன்னொரு குடும்பத்துக்குச் சொல்லிவிட்டாராம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நீங்கள்தான் அவவுக்குச் சொல்ல வேணும், என்னாலை ஏலாது" என்றான் தம்பி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்டோவ்னருக்குப் போனேன். அவன் வேலைக்குப் போயிருந்தான். கஜேந்தினி கதவைத் திறந்தாள். சப்பாத்தைக் கழற்றி, கதிரையில் இருந்துகொண்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். கடைக்குப் போனதை, படம் எடுத்ததை, படியை, எல்லாவற்றையும். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அதை ஆர் கொண்டு போகினம்?"

"ஹாமாரிலை ஒரு குடும்பமாம்."

"பிள்ளையள் இருக்கினமோ?"

"மூண்டு பேராம்."

"அப்ப நல்லம். விளையாட ஆக்கள் இருக்கினம்."

பிறகு அழத் தொடங்கினாள். பிள்ளையைப் புதைத்த அன்றைக்குக்கூடச் சத்தமில்லாமல் அழுதவள், இப்போது வாய்விட்டு அழுதாள். எனக்குக் கிட்டப் போகவும் பயமாக இருந்தது.

"வாங்கி வைச்சதாலை பிள்ளை போச்சு எண்டீங்கள்" என்றாள். "இப்ப வாங்காமல் விட்டதாலை குட்டி போச்சு. நான் என்னதான் செய்யிறது மச்சாள்?"

எழும்பிப்போய் அவளுக்கு முன்னால் தரையில் இருந்தேன். முழங்கால் நொந்தது.

"பிள்ளை நீர் வாங்கினதாலை போகேல்லை" என்றேன். "நான் சொன்னது பொய். உம்மிலை ஒரு பிழையும் இல்லை. நான்தான் பிழை."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"அண்டைக்குக் கடையிலை நிக்கேக்கை இதைச் சொல்லியிருந்தால்" என்றாள், "நான் அந்தக் கிண்ணத்தை வாங்கியிருப்பன்."