காய் என்று எழுதாத கடிதம்

ஜெயிலில் இருந்த என் தம்பி என்னைப் பார்க்க வரமாட்டேன் என்றுவிட்டான். உள்ளே கிடப்பவனுக்கு இவ்வளவு வீம்பா என்று கேட்கலாம். ஜெயில் ஜன்னலில் பார்க்க மனுப் போட்டுவிட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தால், உள்ளே பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவனாக எழுந்து வந்தால்தான் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று பேச முடியும். முதல் மனுவுக்கு வந்தான். வலையைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதான். அதற்குப் பிறகு வரவேயில்லை.

"கூப்ட்டாச்சும்மா, மாட்டேங்கிறான்" என்றார் அங்கிருந்த வார்டர். போகத் திரும்பியவர் நின்று, "சோறும் ஒழுங்காத் திங்கிறதில்ல. செவுத்தப் பாத்தே உக்காந்திருக்கான். ஏதாச்சும் எழுதிப் போடுங்க" என்றார். எங்கள் ஊர் போடி வந்து சேரும்வரை பஸ்ஸில் எனக்கு அந்தச் சுவர்தான் தெரிந்தது. எங்களுக்கு அம்மா அப்பா இல்லை. அவனுக்கு நான், எனக்கு அவன், அவ்வளவுதான் குடும்பம்.

அவன் செய்த குற்றம், கேட்டதற்கு இல்லை என்று சொல்லத் தெரியாதது. போடியிலிருந்து போடிமெட்டு தாண்டித் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டினான். ஒருநாள் காலையில் எவனோ ஒரு பையைக் கொடுத்து, "மேல ஒரு ஆளு வந்து வாங்கிக்கிருவான் அண்ணே" என்றிருக்கிறான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். அடிவாரச் செக்போஸ்ட்டில் பையைப் பிரித்தால் கஞ்சா. கொடுத்தவனைக் காணோம், வாங்க வேண்டியவனும் வரவில்லை. வண்டி ஓட்டியவனை அள்ளிக்கொண்டு போனார்கள்.

வார்டர் சொன்னபடி எழுதினேன். கடுதாசி எழுதி எனக்குப் பழக்கம் கிடையாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் தோட்டமும், போடியில் நான் தரம் பிரித்துக் காய் பொறுக்கப் போகும் கொட்டகையும். மெட்டுக்கு மேலே குத்தகைக்குப் பிடித்த ஒரு துண்டு நிலத்தில் அவன் தன் கையால் வைத்த செடிகள் அந்த வருஷம்தான் முதல் காய்ப்புக் கண்டிருந்தன. அதைப் படித்தாலாவது சுவரை விட்டுத் திரும்புவான் என்று நினைத்தேன். "அப்பு, சரக்கு எடுத்தாச்சு. நல்ல பச்சை. ஸ்டோர்ல போட்டு வச்சிருக்கேன். ஆளுக கேட்டு வந்தாக. நீ சொல்லாம ஏத்தி விட மாட்டேன்" என்று எழுதிப் போட்டேன்.

பதில் இல்லை. இன்னொன்று எழுதினேன், அதற்கும் இல்லை. கொட்டகையில் காய் பொறுக்கும்போது கை பாட்டுக்கு வேலை செய்யும், நினைப்பு ஜெயிலில் கிடக்கும். யாருடைய போன் அடித்தாலும் ஜெயிலிலிருந்துதான், அவன் உயிரை விட்டுவிட்டான் என்று சொல்லத்தான் என்று பொறுக்குவதை விட்டு எழுந்து நிற்பேன். கும்பிடாத சாமி இல்லை. ஒரு சாமியும் சோலி மெனக்கெட்டு இந்தப் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த மனு நாளில் ஒரு அதிகாரி என்னை உள்ளே கூப்பிட்டார். மேசையில் நான் எழுதிய கடுதாசி இரண்டும் கிடந்தன, சிவப்பு மையில் கோடு போட்டு. "கஞ்சாக் கேசுல உள்ள கெடக்குறவனுக்குச் சரக்கு வந்துருச்சு, ஆளு கேக்குறான்னு எழுதுறியே, எவ்வளவு தைரியம்மா ஒனக்கு?" என்றார்.

எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. "சார், அது காய் சார். ஸ்டோருன்னா காய வைக்கிற எடம்" என்றேன்.

"ஏலக்காய்னா ஏலக்காய்னு எழுத வேண்டியதுதான?"

எங்கள் ஊரில் எவன் சார் ஏலக்காய் என்று சொல்கிறான்? ஏலக்காய் என்று கேட்பவர் பாயசத்துக்கு வாங்க வந்த வெளியூர்க்காரர். எங்களுக்கு அது காய், விற்கப் போனால் சரக்கு. இதையெல்லாம் அவரிடம் சொல்ல முடியவில்லை. "ஒண்ணுகூட அவன்கிட்டக் குடுக்கல. இனிமே அந்தப் பேச்சே இருக்கக் கூடாது" என்றார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது, அவர் படித்தது அவருக்கு அப்படித்தான் தெரியும். ஆனால் என் தம்பி, தான் வரமாட்டேன் என்றதும் அக்கா கைகழுவிவிட்டாள் என்று நினைத்தல்லவா அத்தனை நாளும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பான்! வெளியே வந்து ரோட்டோரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்து இன்லண்டைப் பிரித்து வைத்தால் ஒன்றும் வரவில்லை. காயை எடுத்துவிட்டால் போடிக்காரிக்கு எழுத என்ன இருக்கிறது? மழை என்று எழுதினால் அடுத்து காய் வரும், கூலியாள் என்று எழுதினாலும் காய்தான் வரும். அடித்து அடித்துக் கடைசியில், நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லியே பழக்கமில்லாததை எழுதினேன். "அப்பு, எனக்கு உன் மேல கோவம் இல்ல. நீ தப்புப் பண்ணலன்னு எனக்குத் தெரியும். நீ இல்லாம எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும் போல இருக்கு. ஒரு வாய் தின்னு. நீ எனக்கு வேணும்."

படித்துப் பார்த்தால் கூச்சமாக இருந்தது. கிழிப்பதற்குள் வெரசாகப் போய்ப் பெட்டியில் போட்டேன்.

பிறகு ஒருநாள் தபால்காரர் ஒரு கார்டு கொண்டுவந்தார். அவன் கையெழுத்துத்தான், கோணல்மாணலாக. "அக்கா, சாப்புடுறேன். அடுத்த மனுவுக்கு வர்றேன், சட்ட ரெண்டு கொண்டா. இந்த வருசம்" என்று இருந்தது. அடுத்த சொல்லின் மேல் கறுப்பு மையை அழுத்திப் பூசியிருந்தார்கள். அதற்குப் பிறகு "எப்படி?" என்று முடிந்தது.

மைக்கு அடியில் என்ன சொல் என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. சாகத் துணிந்தவன் அதைக் கேட்க மாட்டான். கார்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அழுகை அடங்கியதும் பதில் எழுத உட்கார்ந்தேன்.

"நல்லா இருக்கு" என்று எழுதினேன். எது என்று எழுதவில்லை.