குளிர் எங்களுக்குப் புதுசோ

சுவிஸ் நாட்டு மலையூரான டாவோசில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தும் என் கணவர் ஒரு மலைக்குக்கூட ஏறியதில்லை. ஏறத் தேவையில்லை என்பது அவருடைய கட்சி. ஹோட்டல் குசினியில் பாத்திரம் கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டி, கடைசியில் சூப்புக்குப் பொறுப்பாக வந்தவர். வேலைக்குப் போகும்போது பனி வழுக்குமென்று நிலத்தைப் பார்த்து நடப்பார். திரும்பும்போது களைப்பில் நிலத்தைப் பார்த்து நடப்பார். உலகத்துப் பணக்காரரெல்லாம் தேடி வரும் மலைகள் இரண்டு பக்கமும் நிற்கின்றன. எங்கள் வீட்டில் மலை என்றால், பால்கனியில் உடுப்புக் காயவிடாமல் வெயிலை மறைக்கும் ஒரு சாமான், அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டே, இமயமலைக்குப் போவோம் என்றார். எனக்குப் புரையேறிவிட்டது. வீட்டு வாசலில் நிற்கிற மலை என்ன பாவம் செய்தது என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. பிறகுதான் எனக்கும் காரணம் புரிந்தது.

அவருக்கு ஒரு தம்பி. இரண்டாயிரத்து ஒன்பதின் தொடக்கத்தில் வன்னியிலிருந்து ஒரே ஒரு முறை தொலைபேசியில் கதைத்தான். பங்கருக்குள் இருப்பதாகவும், சாப்பிட்டுவிட்டதாகவும், அண்ணை பயப்பட வேண்டாம் என்றும் சொன்னான். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. கண்டவர் இல்லை, கேட்டவர் இல்லை. செத்த நாள் தெரிந்தால்தானே திதி பார்த்துத் திவசம் கொடுக்கலாம். நாளும் இல்லை, ஆளும் இல்லை என்று வருஷங்கள் போயின.

கனடாவில் இருக்கிற என் மச்சாள், இவருடைய அக்கா, யாரோ யாத்திரை போய்வந்தவர்கள் மூலம் ஒரு விஷயம் கேள்விப்பட்டிருந்தார். இமயமலையில் பத்ரிநாத் கோயிலுக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில், பிரம்மகபாலம் என்று ஓர் இடம். அங்கே ஒரு முறை பிண்டம் வைத்துவிட்டால் அந்த ஆத்துமாவுக்குப் பிறகு வருஷாவருஷம் ஒன்றும் செய்யத் தேவையில்லையாம். அக்கா தொலைபேசியில் அழுதுகொண்டே இவருக்குச் சொன்னது எனக்கும் கேட்டது.

"சின்னவனுக்கும் அங்கை செய்துபோடு தம்பி. திதி தெரியாட்டிலும் பறவாயில்லையாம். எத்தினை வருஷத்துக்கு அவனை இப்பிடி அந்தரிக்க விடுறது?"

இவர் பார்ப்போம் என்றார். பார்ப்போம் என்றால் எங்கள் வீட்டில் இல்லை என்று அர்த்தம். ஆனால் இந்த முறை மூன்றாம் நாளே இடியப்பத்தோடு இமயமலை வந்துவிட்டது.

எனக்கும் அது ஒரு முடிவுக்கு வந்தால் போதும் என்றுதான் இருந்தது. தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் இந்த நாட்டில் அது காப்புறுதி விற்கிறவராகத்தான் இருக்கும். இவர் மட்டும் சாப்பாட்டுக் கையோடு ஓடிப்போய் எடுப்பார். எடுத்து, அந்தப் பக்கம் சொல்வதைக் கடைசிவரை கேட்டுவிட்டு, மரியாதையாக நன்றி சொல்லி வைப்பார். எங்கள் வட்டாரத்தில் காப்புறுதிக்காரர்களுக்கு இவரைவிட நல்ல மனிதர் கிடைத்திருக்கமாட்டார். அந்த ஓட்டத்தைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

முன்பென்றால் எங்கள் விசாவுக்கு எல்லையைத் தாண்டவே முடியாது. இப்போது சுவிஸ் நாட்டின் சிவப்புப் பாஸ்போட் கையில் இருந்தது. மே மாதத்தில் ஒரு சீசனுக்கும் அடுத்த சீசனுக்கும் நடுவில் ஹோட்டலைப் பூட்டுவார்கள், பத்ரிநாத் கோயிலும் அந்த நேரத்தில்தான் திறக்கும். சூரிச்சில் வேலை செய்யும் எங்கள் மகள் எல்லா ஒழுங்கும் செய்து தந்துவிட்டு, அங்கே உயரம் டாவோசைப்போல் இரண்டு மடங்கு, தடித்த உடுப்புகள் எடுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

"குளிர் எங்களுக்குப் புதுசோ? டாவோசிலை இருந்தெல்லோ போறம், பிள்ளை" என்றார் தகப்பன். இரண்டு வேட்டியும் ஒரு மெல்லிய ஜாக்கெட்டும் எடுத்து வைத்தார். எனக்கும் அதே எடுப்புத்தான். சேலைகளுக்கு மேல் ஒரு கார்டிகன் போதுமென்று பெட்டியைப் பூட்டினேன்.

ஹரித்துவாரில் வண்டி ஏறியதும் ஓர் அதிசயம் நடந்தது. இவர் தலையை நிமிர்த்தி வெளியே பார்த்தார். பார்த்ததோடு நிற்கவில்லை, ஒப்பிடவும் தொடங்கினார். ரிஷிகேசத்துத் தொங்குபாலத்தில் ஒரு குரங்கு என் வாழைப்பழப் பையைப் பறித்துக்கொண்டு போனபோது, சுவிஸ் பாலங்களில் இந்தக் கரைச்சல் இல்லை என்றார். தேவப்பிரயாகையில் பச்சை ஆறும் மண்நிற ஆறும் ஒன்றாகச் சேர்ந்து கங்கையாகிற இடத்தைக் காட்டினார்கள். நான் கைகூப்பி நின்றேன். இவர் டாவோஸ் ஆறு இதைவிடத் தெளிவு என்றார். அந்த ஆற்றை இவர் என்றைக்குப் பார்த்தார் என்பது அந்தக் கங்கைக்குத்தான் வெளிச்சம். மண் சரிந்து வண்டிகள் வரிசையாக நின்ற இடத்தில், டாவோசுக்குப் பக்கத்து ஃப்ளூவெலாக் கணவாயில் என்றால் இதற்குள் துப்புரவாக்கியிருப்பார்கள் என்று மணிக்கூட்டைப் பார்த்தார். வண்டிக்காரர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, அப்படியானால் ஐயா அங்கே எத்தனை மலை ஏறியிருக்கிறீர்கள் என்று பணிவாகக் கேட்டார். இவர் கொஞ்சம் யோசித்து, நிறைய என்றார். எனக்கு இருமல் வந்தது.

ருத்திரப்பிரயாகையில் பாதை பிரிகிறது. ஒன்று கேதாரநாத்துக்கு, மற்றது பத்ரிநாத்துக்கு. எத்தனையோ வருஷமாகக் கேதாரகௌரி விரதம் பிடித்துக் காப்புக் கட்டுகிறவள் நான். அந்தக் கேதாரத்துக்காரரின் வாசலுக்குப் போகிற பாதை கண் முன்னே இருந்தும், அங்கே நடக்க என் முழங்கால் விடவில்லை. பரம்பரைச் சைவர்கள் நாங்கள், சிவன் வீட்டுப் பாதையைக் கடந்து பெருமாள் வீட்டுக்குப் போனோம். சிவபெருமான் குறைநினைக்கமாட்டார் என்று இவருக்குச் சொன்னேன். அவர் வீட்டிலும் அம்பாள் சொல்வதுதானே நடக்கிறது.

பத்ரிநாத்தில் இறங்கியதும்தான் எங்கள் எடுப்பு இறங்கியது. தங்கிய அறையில் கம்பளி இருந்தது, ஹீட்டர் இல்லை. டாவோசில் நாங்கள் இவ்வளவு காலமும் பழகியது குளிருக்கு அல்ல, ஹீட்டருக்கு என்று அப்போதுதான் விளங்கியது. இருவருக்கும் பல் கிட்டிப்போய்விட்டது. கடைசியில் என் சால்வையை வாங்கித் தலையில் சுற்றிக்கொண்டு, டாவோஸ்காரர் ஒரு கிழவியைப்போலத் திரிந்தார். கோயிலடியில் இயற்கையாகவே சுடுதண்ணீர் ஊறும் ஒரு குளம் இருக்கிறது. ஆண்கள் பக்கத்தில் இறங்கியவர் ஏறவே இல்லை. வெளியே நின்று நான்தான் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்தேன்.

பிரம்மகபாலத்துக்குக் காலையில் போனோம். ஆறு பெரிய சத்தத்தோடு பக்கத்திலேயே ஓடியது. தமிழ்நாட்டிலிருந்து நிறையப் பேர் வருவதால் அங்கிருந்த ஐயருக்குத் தமிழ் ஓரளவு வந்தது. இவரைப் பெற்ற மாமாவுக்கும் மாமிக்கும், அவர்களுடைய தாய் தகப்பன்மாருக்கும் இவர் ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பிண்டம் வைத்தார். ஐயர் இன்னுமோர் உருண்டை பிடித்து இவருடைய கையில் வைத்து, வேறு யாருக்கு என்று கேட்டார்.

இவர் பெயரைச் சொல்லாமல் ஒரு கேள்வி கேட்டார். இங்கே வைத்த பிறகு அவர்களை நாங்கள் இனி ஒருக்காலும் கூப்பிட வேண்டியதில்லையா என்றார். இல்லை, இதோடு பூர்த்தி, இனி அவர்களும் வரமாட்டார்கள், நீங்களும் காத்திருக்க வேண்டாம் என்று ஐயர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

இவர் கையிலிருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தம்பியின்ரை பேரைச் சொல்லுங்கோ" என்று நான் மெல்லச் சொன்னேன்.

அவர் அந்த உருண்டையைத் திரும்ப இலையிலேயே வைத்துவிட்டார். "இவ்வளவும் காணும் ஐயா" என்று கும்பிட்டு எழும்பினார்.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. இதற்குத்தானே இவ்வளவு தூரம் வந்தோம், அக்காவுக்கு என்ன சொல்வது என்று வழி முழுக்கக் கேட்டேன். பின்னேரம் அக்கா தொலைபேசி எடுத்தபோது, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று இவர் சொன்னார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அடுத்த நாள் மானா என்ற கிராமத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்கு அங்கால் திபெத் எல்லைதான். சரஸ்வதி ஆறு பாறைக்குள்ளிருந்து இரைந்துகொண்டு வருகிறது. பாஞ்சாலி கடப்பதற்காக வீமன் தூக்கிப் போட்டது என்று அதற்குக் குறுக்கே ஒரு பெரிய கல்லைக் காட்டினார்கள். வீமனாவது பெண்சாதிக்கு ஒரு பாலம் போட்டான், நீங்கள் என் சால்வையையும் வாங்கிக்கொண்டீர்கள் என்றேன். முந்தின நாளிலிருந்து இருந்த இறுக்கம் அதில் கொஞ்சம் தளர்ந்தது. வழியோரத்தில் பெண்கள் இருந்து கம்பளி பின்னி விற்றார்கள். இவர் காதுவரை மூடும் தவிட்டுநிறத் தொப்பி ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தார். அதேபோல் இன்னொன்றும் வாங்கினார். பரவாயில்லை, பெண்சாதியின் நினைவு வந்திருக்கிறது என்று நான் மற்றதை எடுத்துத் தலையில் போட்டேன். கண்வரைக்கும் இறங்கியது.

"அது உமக்கில்லை" என்றார். "அவனுக்குக் குளிர் பழக்கமில்லை. டாவோசுக்கு வந்து இறங்கினா முதல் நாளே தலையிடிக்கும்."

டாவோஸ்காரரின் குளிரைப் பற்றி ஒரு பகிடி என் வாயில் தயாராக இருந்தது. அதை விழுங்கிவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தேன்.

திரும்பி வந்த கோடையில் ஒரு நாள், தானாகவே என்னைக் கூட்டிக்கொண்டு டாவோசின் யாக்கொப்ஸ்ஹோர்ன் மலைக்குக் கேபிள் காரில் ஏறினார். உச்சியில் நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, பத்ரிநாத்துக்குப் பின்னால் நிற்கிற நீலகண்ட சிகரத்துக்கு முன் இதெல்லாம் ஒன்றுமில்லை என்றார். இப்போது ஹோட்டல் குசினியில் எல்லாருக்கும் இமயமலை மனப்பாடம். மலையிலேயே பிறந்து வளர்ந்த சுவிஸ்காரச் சமையல்காரருக்கு, மலை என்றால் என்னவென்று இவர்தான் விளக்குகிறார்.

இவருடைய தொப்பி இப்போது நைந்து, காதோரம் பிரிந்துபோய்விட்டது. மற்றது வாசலோரக் கொளுவியில் புதிதாகவே தொங்குகிறது. பூச்சி அரிக்காமல் இருக்க வெயில் காலத்தில் அதை உதறிப் பால்கனியில் காயவிட்டு, திரும்ப அங்கேயே மாட்டுவது என் வேலை. போன மாரிக் குளிரில் மகள் வந்திருந்தபோது வெளியே பனி கொட்டியது. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, கைக்கு எட்டிய அந்தத் தொப்பியை எடுத்துத் தலைக்குக் கொண்டுபோனாள். இவர் அறைக்குள் இருந்தார், பார்க்கவில்லை.

"அதை வை பிள்ளை" என்றேன். "அது சித்தப்பாவின்ரை."