காலஞ்சென்ற என்ற சொல்லுக்குப் பின் ஒரு மூச்சு

கொழும்பு வெள்ளவத்தையில் கடலை ஒட்டிய ஒழுங்கைகளில், உயிரோடிருப்பவர்களை வானொலி செத்தவர்கள் என்று சொல்கிறதாம். அப்படிச் சொல்லப்பட்டவர் அந்த மாதத்தைத் தாண்டுவதில்லையாம். கனடாவில், ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கடையில், கணவாய் மீன் வெட்டித் தரும்வரை காத்து நின்ற பெண்மணி ஒருவர் இதை எனக்குச் சொன்னார். அவருக்குச் சொன்னது கல்கிசையிலிருக்கும் மச்சாள். மச்சாளுக்கு யார் சொன்னது என்று அவருக்குத் தெரியாது.

"வாசிக்கிறது ஒரு பொம்பிளையாம். நல்ல குரலாம்," என்றார். "அந்தக் குரல் ஆற்றை பேரைச் சொல்லுதோ, அவற்றை கதை சரி."

எனக்கு அந்தக் குரலைத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பக்கத்துக் கதிரையிலிருந்து என் கணக்குப் பிழைகளைக் காதுக்குள் திருத்திய குரல் அது. சுபோதினியின் குரல்.

கொட்டாஞ்சேனையில் ஓர் இரும்புக் கடைக்கு மேல்மாடியில் சிறிய தமிழ் வானொலி ஒன்று இருக்கிறது. கணவர் நடேசலிங்கம் இறந்து, மகன் ஜனா பாலர் வகுப்பில் இருந்த காலத்தில், விளம்பரம் வாங்கும் மேசையில் வேலைக்குப் போனாள் சுபோதினி. ஒருநாள் மரண அறிவித்தல் வாசிப்பவர் வரவில்லை. இவளை உள்ளே இருத்தினார்கள். அதன் பிறகு வேறு யாரையும் வாசிக்கச் சொல்லிச் சனம் கேட்கவில்லை.

நமது மரண அறிவித்தல் ஓர் ஆளைப் பற்றியது மட்டுமல்ல. செத்தவரின் பெற்றோர், துணை, பிள்ளைகள், மருமக்கள், மைத்துனர், பெறாமக்கள், அவரவர் இருக்கும் நாடு எல்லாம் வரும். அவர்களில் முன்பே இறந்தவர்களின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று வரும். ஒரு பெயர் விடுபட்டால் இரண்டு குடும்பங்கள் ஆயுளுக்கும் கதைக்காமல் போவதுண்டு. சுபோதினி ஒரு பெயரையும் விட்டதில்லை. பெயரை எப்படி உச்சரிப்பது என்று செத்த வீட்டுக்கே அழைத்துக் கேட்பாள். நின்றுகொண்டுதான் வாசிப்பாள். 'காலஞ்சென்ற' என்று சொன்னதும் ஒரு மூச்சு விடுவாள்; அதன் பிறகே பெயர்.

அது ஏன் என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"அடுத்து வாறது இல்லாத ஆளடி. கதவைத் தட்டிப்போட்டுத்தானே உள்ளுக்குப் போகவேணும்," என்றாள்.

வெள்ளவத்தையில் அவள் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தின் காவலாளி சிங்களவர். தமிழ் தெரியாது. ஆனாலும் அவள் பஸ்ஸால் இறங்கி வருவதைக் கண்டால், "அர காலஞ்சென்ற மிஸ் ஆவா", அந்தா மிஸ் வந்துவிட்டார் என்று சிங்களத்தில் சொல்லி, லிப்ட் கதவைப் பிடித்துக்கொள்வார். அவளுடைய பெயரே அதுதான் என்று அவர் நினைத்திருந்ததாக அவளுக்குச் சந்தேகம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு நின்றது போன வருடம். காலி வீதியில் புதுக் கட்டடங்கள் உயர உயர, கொட்டாஞ்சேனையின் ஒலி தெற்கே போய்ச் சேருவது குறைந்தது. ஆகவே கல்கிசையில் ஒரு மொட்டைமாடியில் சின்ன ரிலே ஒன்றை வைத்தார்கள். கொட்டாஞ்சேனையில் பேசுவதை வாங்கி, அதே அலைவரிசையில் அந்த ஊருக்குத் திருப்பிச் சொல்லும் பெட்டி அது. வைத்துச் சில கிழமைகளில், மேல்மாடி ஜெகதீஸ்வரி அக்கா அவள் கதவைத் தட்டினார்.

"சுபோ, நீர் நேற்று என்ன வாசிச்சனீர்?"

"ஏனக்கா?"

"எங்கட கடைக்கார மகேந்திரத்தாரை 'காலஞ்சென்ற மகேந்திரம்' எண்டு சொன்னீரே. நான் என்ர காதால கேட்டனான். காலமை அவரிட்டைத்தானே பாண் வாங்கினனான்!"

"நான் அப்பிடி வாசிக்கேல்லை. செத்தது அவற்றை மாமி. 'காலஞ்சென்ற' எண்டது மாமியின்ர புருசனுக்கு."

"அப்ப என்ர காது பொய்யே?"

அந்தக் கிழமை முடிவதற்குள் மகேந்திரம் கடைக்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பிறகு இன்னொருவருக்கும் அப்படிக் கேட்டதாம். அவர் பொரளையில் ஆஸ்பத்திரிக்குப் போய், சுகமாகத் திரும்பி வந்து, வானொலியைக் கெட்ட வார்த்தையால் திட்டிக்கொண்டு இன்றும் இருக்கிறார். ஊர்க்கதையில் அவர் இல்லை.

வானொலியின் தொழில்நுட்பக்காரர் ஸியாம் ஒரு பின்னேரம் அவள் வீட்டுக்கு வந்தார். பின்னேர அறிவித்தலை மத்தியானமே பதிவு செய்துவிட்டு அவள் வீடு திரும்பிவிடுவாள். இருந்தும் அத்தனை வருடத்தில் தன் குரலை அவள் வானொலியில் கேட்டதில்லை. கேட்கக் கூச்சம். அன்று ஸியாமுடன் இருந்து கேட்டாள். கடற்கரை ரயில் யன்னல் கம்பிகளை அதிர வைத்துக்கொண்டு போனது. அப்போது அவள் குரல், அவள் வாசிக்காத ஒரு வசனத்தை, ஒரு பிசிறும் இல்லாமல் வாசித்தது. கொழும்பில் உயிரோடிருக்கும் ஒரு மருமகளைக் காலஞ்சென்றவர் என்றது.

"ஸியாம், இது நான் இல்லை."

"நீங்கதான் அக்கா. ஆனா ரெண்டு எடத்தில ஈக்கிற நீங்க." ஸியாம் சிரித்தார். "கொட்டாஞ்சேனை முந்தி. கல்கிசைக்கி இன்டர்நெட்டால போறதால கொஞ்சம் பிந்தி. இங்க வெள்ளவத்தை நடுவில, ரெண்டும் ஒரே பெலத்தில வருது. எப்எம் ரேடியோ பெலமானத மட்டும் எடுக்கும், மத்தத அப்புடியே முழுங்கிரும். ரயில் போனா, லிப்ட் ஏறினா, எது பெலம் எண்டது மாறும். கல்கிசையில இருந்து கொட்டாஞ்சேனைக்கித் தாவினா, நடுவில நாலஞ்சு பேரு காணாமப் போகும்."

"அப்ப ஏன் அந்தச் சொல்லிலையே தாவுது?"

"எல்லா எடத்திலயும்தான் தாவுது. மத்த எடத்தில பேத்தல் மாதிரிக் கேக்கும், சனம் கணக்கெடுக்காது. நீங்க அந்தச் சொல்லுக்குப் பொறகு ஒரு மூச்சு உடுறீங்க பாருங்க, அங்க தாவினா ஒட்டுப் போட்ட எடமே தெரியாது."

வேறு அலைவரிசை கேட்டு விண்ணப்பித்திருப்பதாகவும், அது வரும்வரை கல்கிசைப் பெட்டியை நிறுத்த முதலாளிக்கு மனமில்லை என்றும் சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடித்துப் போனார்.

விளக்கம் விளங்கியது, பயம் குறையவில்லை. அதன் பிறகு பின்னேரங்களில் அவள் படிக்கட்டில் நின்று கேட்கத் தொடங்கினாள். கட்டடத்தில் பாதி வீடுகளில் வானொலி போகும். சில வீடுகள் கொட்டாஞ்சேனையை எடுக்கும், சில கல்கிசையை. ஒரே குரல், ஒரே பெயர்கள், மாடிக்கு மாடி பிந்தி வரும். இரண்டாம் மாடியில் காலமானவர் ஐந்தாம் மாடியில் இன்னும் காலமாகவில்லை. தன் குரலே தன்னைத் துரத்திக்கொண்டு படியேறி வருவதுபோல் இருந்தது என்று எனக்குச் சொன்னாள்.

குடும்பங்களும் மாறத் தொடங்கின. "தங்கச்சி, செத்த ஆளை மட்டும் வாசியும். உயிரோட இருக்கிற பிள்ளையளை விட்டுவிடும்," என்று அழைத்துச் சொன்னார்கள். அவள் மறுத்தாள். பெயரை விட்டால் அந்தக் கதையை உண்மையென்று தானே முத்திரை குத்தியது போலாகும் என்றாள்.

ஜனா ரொறன்ரோவில் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை செய்கிறான். என் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச நேரம். அவனுக்கு இந்தக் கதை பெரிய பகிடி.

"அம்மா, நீங்கள் இப்ப யமனுக்கு அசிஸ்டன்ட்."

"வாயை மூடடா. சாப்பிட்டனியே?"

"ஓமம்மா. முதல்ல கரண்ட் பில் அனுப்புறவன்ர பேரை வாசியுங்கோவன்."

அவள் சிரித்தாள். ஆனால் அவன் பெயர் எந்த அறிவித்தலிலும் வராமல் இருக்கவேண்டும் என்று அன்றே அவள் நேர்ந்துகொண்டதை எனக்கு மட்டும் சொன்னாள்.

இந்தத் தை மாதம் கல்கிசையில் சிவபாதசுந்தரம் காலமானார். நடேசலிங்கத்தின் தமையன், ஜனாவின் பெரியப்பா. அறிவித்தல் சுபோதினியிடமே வந்தது. அதில் இப்படி இருந்தது: காலஞ்சென்ற நடேசலிங்கத்தின் அன்புச் சகோதரரும், சுபோதினியின் அன்பு மைத்துனரும், ஜனாவின் (கனடா) பாசமிகு பெரியப்பாவும் ஆவார்.

அன்று காலை என்னை அழைத்தாள். கொட்டாஞ்சேனைத் தெருவின் இரைச்சல் பின்னால் கேட்டது.

"பிள்ளையின்ர பேரை விடட்டே?"

"விடன். செத்த வீட்டில ஆர் கவனிக்கப்போகினம்?"

"எல்லாரும் கவனிப்பினம். பெரியப்பாவின்ர செத்த வீட்டில பெறாமகன்ர பேர் இல்லையெண்டால், அவனை நானே வெட்டினது மாதிரி. ஊரான்ர பிள்ளையளின்ர பேரையெல்லாம் வாசிச்சுப்போட்டு என்ர பிள்ளையை ஒளிக்கிறதே?"

பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். மூச்சு விடாமல் வாசிப்பது. 'காலஞ்சென்ற நடேசலிங்கத்தின்' என்று ஒரே சொல்லாக ஒட்டி. தாவினாலும் பேத்தலாகக் கேட்கும், ஒருவரும் நம்பமாட்டார்கள்.

அப்படியே வாசித்தாள். ஸியாம் பதிவைத் திரும்பப் போட்டுக் காட்டினார். இடைவெளி இல்லை. தன் புருசனின் கதவைத் தட்டாமல் உள்ளே போனது அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்ததாம். ஆனாலும் நிம்மதியாகப் பஸ் ஏறினாள்.

பின்னேரம் வீட்டில் வானொலியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தாள். மேலே ஜெகதீஸ்வரி அக்காவின் வானொலி முந்திக்கொண்டு போனது. அங்கே எல்லாம் சரியாக, ஒட்டி, வாசித்தபடியே வந்தது. மேலே ஜனாவின் பெயர் வருவதற்குச் சற்று முன், இவளுடைய வானொலி 'காலஞ்சென்ற' என்றது. ரயில் வரவில்லை. லிப்ட் அசையவில்லை. ஒரு மூச்சு கேட்டது. அவளுடைய மூச்சு. அதன் பிறகு, "ஜனாவின்" என்றது.

நடேசலிங்கமும் இல்லை, சுபோதினியும் இல்லை. நடுவில் ஒன்றுமே இல்லை.

எனக்கு அப்போது காலை ஏழரை. வட்ஸ்அப்பில் வந்த குரலை முதலில் எனக்கு அடையாளம் காண முடியவில்லை.

"நான் மூச்சு விடேல்லையடி. ஸியாமும் கேட்டவர். நான் விடவே இல்லை. ரேடியோதான் விட்டது."

"சிக்னல் மாறேக்கை ஒரு வெறுமை வந்திருக்கும். அதைப்போய்—"

"என்ர மூச்சு எனக்குத் தெரியாதே? பிள்ளைக்கு எடுத்தனான். எடுக்கிறானில்லை. நீ எடுத்துப் பார்."

அது அவன் வேலை முடிந்து நெடுஞ்சாலையால் வீடு திரும்பும் நேரம். யன்னலுக்கு வெளியே இரவு பெய்த பனி கண்ணாடியாக உறைந்திருந்தது. கார் ஓட்டும்போது அவன் தொலைபேசி எடுப்பதில்லை, நல்ல பழக்கம் என்று அவளுக்குச் சொன்னேன். எனக்கும் சேர்த்துத்தான் சொன்னேன். அவளை வட்ஸ்அப்பில் வைத்துக்கொண்டு, வீட்டுத் தொலைபேசியில் ஸ்பீக்கரைப் போட்டு ஜனாவின் இலக்கத்தை அழுத்தினேன்.

மணி போனது. நெடுநேரம் போய், டக்கென்று, "ஹலோ, ஜனா பேசுறன்," என்றது.

"தம்பி! ஜனா! எங்கயடா நிக்கிறாய்?" என்று வெள்ளவத்தையிலிருந்து கத்தினாள் சுபோதினி.

"இப்ப எடுக்க ஏலாது, மெசேஜ் விடுங்கோ," என்றது அதே குரல், அதே உற்சாகத்தோடு.

"அது பதிவடி," என்றேன்.

அவள் பக்கத்தில் யாருடைய வீட்டிலோ அறிவித்தல் இன்னும் போய்க்கொண்டிருந்தது. அதுவும் அவள் குரல்தான், வேறு யாரோ ஒருவரின் பிள்ளைகளைச் சொல்லிக்கொண்டிருந்தது.

மறுபடி அழுத்தினேன்.

"மணி போகுதே?"

"போகுது."

"வையாதை. அவன் எடுக்குமட்டும் வையாதை."

நான் வைக்கவில்லை. மணி போய்க்கொண்டிருந்தது.