வயிற்றின் மேல் ஒரு ஷூ

அக்காவுக்குப் பள்ளியில் மூச்சு டீச்சர் என்று பெயர். மழலை வகுப்புப் பிள்ளைகள் வைத்தது. வேலை உத்தரவில் ‘தியானம் மற்றும் ஆன்மிக வகுப்பு ஆசிரியை’ என்று இருக்கிறது. அதை வாய்விட்டுப் படித்தால் அவளுக்கே சிரிப்பு வந்துவிடும்.

அதற்கு முன் ஒரு கம்பெனியில் தொலைபேசியில் புகார் கேட்கும் வேலை பார்த்தாள். காதில் மாட்டியதைக் கழற்றும்வரை யாராவது ஒருவர் திட்டிக்கொண்டே இருப்பார். ஒருநாள் மூச்சு முட்டி நாற்காலியிலிருந்து சரிந்தாள். டாக்டர் அவளைப் படுக்கவைத்து, வயிற்றின் மேல் ஒரு தடித்த புத்தகத்தை வைத்தார். “இது ஏறி இறங்குறத மட்டும் பாரும்மா.” பிற்பாடு முறையாகவும் போய்க் கற்றுக்கொண்டாள். ஆனால் தொடக்கம் அந்தப் புத்தகம்தான்.

பள்ளிக்கு முதலில் கூழாங்கற்கள் கொண்டுபோனாள். ஒருவன் தன் கல்லை வாயில் போட்டுக்கொண்டான். அன்றைய தியானம் அவன் வாயைத் திறக்கவைப்பதிலேயே முடிந்தது. வாய்க்குள் போகாத பொருளாக வேண்டுமே என்று அவள் சுற்றுமுற்றும் பார்த்தபோது, கதவோரம் பிள்ளைகள் கழற்றிப் போட்டிருந்த ஷூக்கள் கண்ணில் பட்டன. அன்றிலிருந்து ஆளுக்கு ஒரு ஷூ. பாயில் மல்லாந்து, அதை வயிற்றின் மேல் வைத்து, ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

கண்ணை மூடச் சொல்ல மாட்டாள். காரணம், பட்டாசு. ஓர் இடத்தில் உட்காராத பெண் என்பதால் அந்தப் பட்டப்பெயர். மூடச் சொன்ன முதல் நாளே அவள் அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

“கண்ண மூடுனா எல்லாரும் போயிடுறாங்க டீச்சர்.”

“அப்ப மூடாத. என் வகுப்புல யாரும் கண்ண மூட வேணாம்.”

அதே பட்டாசு ஒருநாள் தன் ஷூவைப் பார்த்தபடியே கேட்டாள். “நான் தூங்குறப்ப யாரு டீச்சர் மூச்சு விடுறது?”

“தெரியலயே. நீ கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லு.”

அன்று ராத்திரி பிள்ளை தூங்காமல் காவல் காத்ததாக அவள் அம்மா பள்ளிக்கு வந்து சண்டை போட்டார். அக்கா அதை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

பெற்றோர் தினம் நெருங்கியது. ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையில் எனக்கு வேலை. ஒயர் எந்தப் பக்கம் இழுப்பது என்று கேட்கத் தாளாளர் அறைக்குப் போனபோது, எதிரே அக்கா நின்றிருந்தாள். நான் அவள் தம்பி என்று அவருக்குத் தெரியாது. நானாகவும் சொல்லவில்லை.

“எல்லாருக்கும் வெள்ளை டிரஸ். சம்மணம் போட்டு, கண்ண மூடி அஞ்சு நிமிஷம். பின்னாடி புல்லாங்குழல் ஓடட்டும்” என்றார் தாளாளர்.

“ஷூ சார்?”

“ஆன்மிகம்னு நோட்டீஸ் அடிச்சிருக்கேன் டீச்சர். வயித்துல செருப்ப வெச்சுப் படுக்கவெச்சா, ஏதோ வைத்தியம் நடக்குதுன்னு நினைப்பாங்க.”

“ஒரு பொண்ணு கண்ண மூட மாட்டா.”

“அன்னைக்கு லீவு போடச் சொல்லுங்க.”

“அவ லீவுன்னா நானும் லீவு.”

தாளாளர் பேனாவை மூடினார். “சரி, கடைசி வரிசையில உக்கார வைங்க. ஒழுங்கா நடந்தாத்தான் இந்த வகுப்பு தொடரும். பாத்துக்கோங்க.”

வீட்டில் அம்மா விடவில்லை. “அஞ்சு நிமிஷம் கண்ண மூடுனா குடியா முழுகிடும்? வேலையக் கெடுத்துக்காதடி.”

“மூட வேணாம்னு அவகிட்ட சொன்னவ நான்மா” என்று சொல்லிவிட்டு அக்கா தட்டைக் கழுவப் போனாள்.

விழா அன்று தாளாளரே மைக்கைப் பிடித்தார். “கண்ண மூடுங்க செல்லங்களா.” வெள்ளை வரிசைகள் மூடின. என் பெட்டியிலிருந்து புல்லாங்குழல் வழிந்தது. கைபேசிகள் உயர்ந்தன. கடைசி வரிசையில் பட்டாசும் மூடித்தான் இருந்தாள். இரண்டு கையும் இறுகியிருந்தன. மூடிய இமைகளுக்குள்ளிருந்து கண்ணீர் மோவாய் வரைக்கும் வந்துவிட்டது.

அக்கா மேடையேறினாள். குழந்தையிடமிருந்து கத்தரிக்கோலை வாங்குவதுபோல் தாளாளர் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

“கண்ணத் திறந்துக்கோங்க. போய் ஷூ எடுத்துட்டு வந்து படுங்க.”

மேடை குலுங்க ஓடினார்கள். ஒருவன் இரண்டையும் தூக்கி வந்துவிட, பக்கத்தில் இருந்தவன் அதில் ஒன்று தன்னுடையது என்று பிடுங்கினான். அரங்கம் சிரித்தது. “இதுக்கா லீவு போட்டுட்டு வந்தேன்” என்றார் முன்வரிசை அப்பா ஒருவர். நான் புல்லாங்குழலை நிறுத்தினேன். பட்டாசு மூக்கை உறிஞ்சிக்கொண்டு படுத்து, ஷூவைப் பார்க்க ஆரம்பித்தாள்.

திரைக்குப் பின்னால் தாளாளரின் குரல் தணிந்தே இருந்தது. “திங்கக்கிழமையிலேர்ந்து உங்க வகுப்பு இல்ல. நூலகத்துல புத்தகத்துக்கு அட்டை போடுங்க. அந்த ரூமையும் பூட்டப்போறேன்.”

“ரூம் உங்களுது சார். பூட்டிக்கோங்க.”

திங்களன்று, விட்டுப்போன ஒரு பெட்டியை எடுக்கப் போனேன். வகுப்பறைக் கதவில் பூட்டுத் தொங்கியது. அதன் முன்னால், நடைபாதையின் வெறுந்தரையில், வயிற்றின் மேல் தன் செருப்பை வைத்துக்கொண்டு அக்கா மல்லாந்து படுத்திருந்தாள். பிள்ளைகளை வரிசையாக ஓவிய வகுப்புக்கு அழைத்துப்போனார்கள். பட்டாசு வரிசையை விட்டு வந்து, ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் படுத்தாள். அதற்குப் பிறகு வரிசை என்று ஒன்று இல்லை.

தாளாளர் வந்தார். தன் அறைக்குப் போகக் கால் வைக்க இடமில்லை.

“எழுந்திருங்க டீச்சர். பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?”

“மூச்சு விடுறாங்கன்னு நினைப்பாங்க சார்.”

அவர் என் பக்கம் திரும்பினார். “மைக்செட்டு, நீயாவது சொல்லேன்ப்பா.”

“அவங்க என் அக்கா சார்” என்றேன்.

பட்டாசு ஷூவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். “சத்தம் போடாதீங்க சார். விழுந்துடும்.”