ஆடி வரைக்கும் வாடகை நூலகம்

வாடகைக்குப் புத்தகம் விடுகிறவர்கள் இரண்டு பேரைக் கண்டால் பயப்படுவோம்: புத்தகத்தைத் திருப்பித் தராதவர், கடையைத் திருப்பிக் கேட்கிறவர். முதல் ஆசாமியை போன் போட்டு விரட்டலாம். இரண்டாமவர் கடைக்கு மேலே மாடியிலேயே குடியிருந்தால் என்ன செய்வது? வாடகைக் கடையில் பிழைப்பு நடத்தும் என் சக பாவப்பட்டவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் என் கடை. ஒற்றை ஷட்டர், மூன்று பக்கமும் அலமாரி. ஜனங்கள் ஆசைப்பட்டுப் படிக்கிற நாவல்களும் வாழ்க்கைக் கதைகளும்தான் என் சரக்கு. நிறைய விற்ற புத்தகம் என்பதற்காக எதையும் வாங்கி வைத்துவிட மாட்டேன். நானே படிப்பேன். குழம்பு அடிப்பிடித்தது தெரியாமல் எந்தப் புத்தகம் என்னை உட்கார வைக்கிறதோ, அதுதான் அலமாரிக்குப் போகும். என் வீட்டில் பாத்திரங்கள் கரியாகிப்போன கதை இதுதான்.

ஆனி மாசக் கடைசியில் ஹவுஸ் ஓனர் கோதண்டம் அண்ணன் இறங்கி வந்தார். இந்தத் தெருவில் பாதி மனை அவர்கள் குடும்பத்துடையது. மருமகனுக்கு இந்தக் கடையில் ஜிம் பவுடர் வியாபாரம் வைத்துக் கொடுக்கப் போகிறாராம். ஆடியில் யாரும் கடையும் மாற்ற மாட்டார்கள், புதிதாகத் தொடங்கவும் மாட்டார்கள் என்பதால் எனக்கு ஒரு மாசம் கிடைத்தது. "பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுட்டு நிம்மதியா இரு" என்றார் என் வீட்டுக்காரர். அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. நூலகத்தை மூடுவதில்லை என்று முடிவு கட்டினேன். கடை நிறைய ஆட்கள் வருவதைப் பார்த்தால் அண்ணன் மனசு மாறுவார் என்று கணக்குப் போட்டு, விட்டுப்போன மெம்பர்களுக்கெல்லாம் போன் போட ஆரம்பித்தேன்.

ஒரே புள்ளி

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. குடும்ப நாவலை வாரத்துக்கு நாலு படிக்கிறவர்களுக்கு எது படித்தது, எது படிக்காதது என்று நினைவிருக்காது. எல்லா அட்டையிலும் ஒரு பெண் ஜன்னலோரம் நின்றுகொண்டிருப்பாள். முதல் அத்தியாயத்தில் எல்லா வீட்டிலும் மாமியார் காபி சரியில்லை என்பாள். அதனால் படித்து முடித்ததும் ஏதாவது ஒரு பக்கத்தில் ரகசியமாக ஓர் அடையாளம் வைத்துவிடுவார்கள். ஒருவர் நட்சத்திரம், ஒருவர் டிக், இன்னொருவர் பிள்ளையார் சுழி. அடுத்த முறை அந்தப் பக்கத்தைப் புரட்டி, அடையாளம் இருந்தால் பேசாமல் சொருகிவிடுவார்கள். நானும் கண்டும் காணாத மாதிரி இருப்பேன்.

ரிட்டயர்டு டீச்சர் கல்யாணி மேடம் சந்தாவை நிறுத்தி வெகு நாளாயிற்று. இங்கே அவர் படிக்காதது ஒன்றுமே பாக்கியில்லையாம். கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்தேன். வந்தவர் ஒவ்வொன்றாக எடுத்து இருபத்தைந்தாம் பக்கத்தைப் பார்ப்பதும், "படிச்சாச்சு" என்று சொருகுவதுமாக இருந்தார். பக்கத்தில் பீர்க்கன்காரணையிலிருந்து வருகிற பேங்க் ஷோபனா. அவளும் இருபத்தைந்தாம் பக்கத்தைப் பார்த்தாள், அவளும் "படிச்சாச்சு" என்றாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

விசாரித்தால், இரண்டு பேருக்கும் அடையாளம் ஒன்றே. பக்க மூலையில் சிவப்பு மையில் ஒரு புள்ளி. இத்தனை வருஷமாக ஒருத்தர் படித்ததை இன்னொருத்தர் தான் படித்ததாக நினைத்து விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சண்டை வரப்போகிறது என்று நான் நடுவில் போய் நின்றேன். கல்யாணி மேடம் ஸ்டூலில் உட்கார்ந்து, நகைக்கடையில் உட்கார்ந்த மாதிரி அலமாரியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அப்புறம் சொன்னார்:

"அப்போ இதுல பாதி நான் படிக்காதது, அப்படித்தானே? ஒரு பை குடும்மா. பெருசா குடு."

எந்த சாப்டரில் பணக்காரர் ஆவார்?

கேளம்பாக்கம் பக்கம் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற விக்னேஷ், நான் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்துவிட்டு வந்தான். கையேந்தி பவனில் தட்டு கழுவி, பின்னால் ஓட்டல் முதலாளியான ஒருவர் எழுதிய வாழ்க்கைக் கதையைக் கையில் எடுத்தான். நன்றாக ஓடிய புத்தகம். ஓடத்தான் வேண்டும், அப்படி எழுதியிருக்கிறார் மனுஷன். விக்னேஷ் கடைசிப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே, "அக்கா, இவர் எந்த சாப்டர்ல பணக்காரர் ஆவார்? அங்கேர்ந்து படிச்சுக்கிறேன், டைம் இல்ல" என்றான்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "முதல் பக்கத்துலேர்ந்து படிக்கறதா இருந்தா எடுத்துட்டுப் போ. இல்லேன்னா வெச்சுட்டுப் போ" என்றேன். ஒவ்வொரு ஆளையும் கெஞ்சிச் சேர்க்க வேண்டிய மாசத்தில் இந்தப் பேச்சு தேவையா? ஆனால் எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் எடுத்துப் போனான். வருவானோ மாட்டானோ என்று நானும் தவித்துப் போனேன். அடுத்த சனிக்கிழமை இரண்டு நண்பர்களையும் இழுத்துக்கொண்டு வந்து நின்றான்.

"தட்டு கழுவற வரைக்கும் செமையா இருந்துச்சுக்கா. காசு வந்தப்புறம் ஒரே போர். இன்னும் பணக்காரர் ஆகாத யாராவது எழுதியிருக்காங்களா?"

டேப் பிடிக்க வந்தவர்

ஆடி நடுவில் ஒரு சாயங்காலம் கோதண்டம் அண்ணன் அளவெடுக்கிற டேப்போடு வந்தார். மருமகன் வந்ததும் கடையை அளந்து, பவுடர் டப்பாவுக்கு ரேக் அடிக்கச் சொல்ல வேண்டுமாம். நான் உள்ளே நிற்கும்போதே என் கடையை அளக்க வருகிறார், பாருங்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்கண்ணா" என்றேன்.

மருமகன் பெருங்களத்தூர் டிராபிக்கில் மாட்டிக்கொண்டு, "வந்துட்டே இருக்கேன் மாமா" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். சும்மா உட்காரப் பிடிக்காமல் அண்ணன் மேஜையில் இருந்த நாவலைப் புரட்டினார். அண்ணன் தம்பி இரண்டு பேர் நிலத்தைப் பிரித்துக்கொள்கிற கதை, பாகம் பாகமாகப் போகும். கிணறு யாருக்கு என்பதில் ஆரம்பிக்கிற சண்டை, படிக்கிறவர்களை எழுந்திருக்க விடாது. "இன்னாண்ணா, படிக்கிறீங்களா?" என்று அவர் பாஷையிலேயே கேட்டேன். சும்மா அட்டை பார்ப்பதாகச் சொன்னார். மருமகன் வந்தபோது அண்ணன் டேப்பின் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டார், தலையை நிமிர்த்தவில்லை. மருமகன் தனியாகவே அளந்து முடித்தார்.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் வந்தார். ஸ்டூலை வெளிச்சத்துக்கு நகர்த்திப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டாத குறையாக மெதுவாகப் படிப்பார். ஒரு நாள் படக்கென்று புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்து, நான்தான் எழுதினவள் மாதிரி சத்தம் போட்டார்:

"இன்னா ஆளும்மா இந்தத் தம்பிக்காரன்? பத்தரத்தப் படிச்சுப் பாக்காமயே கையெழுத்துப் போட்டுகினு கீறான். நான் பக்கத்துல இருந்தா பேனாவப் புடுங்கிக் கடாசியிருப்பேன்."

நாலு துண்டு நாவல்

முடிச்சூரில் டியூஷன் எடுக்கிற செல்வியையும் போனில் பிடித்தேன். செல்விக்கும் எனக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. பெரிய வெள்ளம் வந்தபோது என்னிடம் எடுத்துப்போன தடிமனான மர்ம நாவல் ஒன்று, தண்ணீர் வடிந்தபின் நாலு துண்டாக, சணல் கயிற்றால் கட்டித் திரும்பி வந்தது. பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. புத்தகத்தைக் கிழிக்கிற கை என்ன கை என்று அன்றைக்குத் திட்டித் தீர்த்தேன்.

இந்த ஆடியில்தான் முழுக் கதையையும் சொன்னாள். கீழ் வீடெல்லாம் முழுகி, நாலு குடும்பம் ஒரே மாடியில். கரண்ட் இல்லை, போன் இல்லை. பிள்ளைகளுக்கு பிஸ்கட்டைப் பங்கு வைத்த மாதிரி, பெரியவர்களுக்கு அந்த நாவலைப் பங்கு வைத்திருக்கிறார்கள். முதல் துண்டை முடித்த குடும்பம் அடுத்த துண்டுக்காகக் காத்திருக்கும். தண்ணீர் எத்தனை படி ஏறியது என்பதைவிடக் கொலை செய்தவன் யார் என்கிற பேச்சுதான் அங்கே ஓடியதாம். கேட்கக் கேட்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. திட்டினதற்கு வருத்தப்பட்டேன். எல்லாம் நல்லபடியாகத்தானே முடிந்தது என்றதற்கு செல்வி உதட்டைப் பிதுக்கினாள்.

"எங்க மேடம்? கடைசித் துண்டு முதல்ல கிடைச்சவங்க கொலைகாரன் பேரைச் சொல்லிட்டாங்க. அந்த வீட்டோட நாங்க இன்னும் பேசறதில்ல."

கூட்டம் வந்த பலன்

ஆடிக் கடைசி வாரத்தில் கடை நான் ஆசைப்பட்ட மாதிரியே ஆகிவிட்டது. விக்னேஷ் அவன் ஆபீஸ் குரூப்பில் போட்டுவிட்டான். செல்வி தெருவையே அழைத்து வந்தாள். கல்யாணி மேடமும் ஷோபனாவும் பச்சை மை, சிவப்பு மை என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டு படித்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் உள்ளே இடமில்லாமல் ஆட்கள் வாசலில் நின்றார்கள். செருப்பு மாடிப்படி வரைக்கும் பரவிக் கிடந்தது.

இரண்டாம் பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கோதண்டம் அண்ணன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இதுதான் சமயம் என்று போய், "பாத்தீங்களாண்ணா, இந்த ஜனத்தை விட்டுட்டு நான் எங்க போவேன்?" என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"பாத்துகினுதாம்மா கீறேன். இம்மாம் ராசியான கடைன்னு இத்தினி நாள் தெரியாமப் பூட்ச்சே. மருமவன் பொழச்சிக்குவான்."

எந்தப் பெட்டி?

அன்றைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதேன். ஒரு மாசம் நாயாய் அலைந்து கூட்டம் சேர்த்து, அடுத்தவர் பவுடர் வியாபாரத்துக்கு விளம்பரம் செய்திருக்கிறேன். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு வேறு கடை தேடக் கிளம்பினேன். கடையைத்தானே கேட்கிறார், நூலகத்தைக் கேட்கவில்லையே. ஆனால் போன இடத்திலெல்லாம், புத்தகம் என்றதும் கையை விரித்துவிட்டார்கள். மெடிக்கல் ஷாப் என்றால் தருவார்களாம்.

ஆவணி பிறந்தது. ஆப்பிள் பெட்டிகளில் புத்தகத்தையெல்லாம் கட்டி நடுக்கடையில் குவித்துவிட்டு, எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் நின்றேன். அண்ணன் சாவி வாங்க வந்தார். ஒரு கையில் இரண்டாம் பாகம், முடித்துவிட்டாராம். சாவிக்கு நீட்ட வேண்டிய இன்னொரு கையை மூன்றாம் பாகத்துக்கு நீட்டினார்.

"பெட்டியில கட்டிட்டேண்ணா" என்றேன். எந்தப் பெட்டி என்றார். குவியலைக் காட்டினேன். உண்மையாகவே எனக்கும் தெரியாது. புதுக் கடையில் பிரித்து அடுக்கும்போதுதான் தெரியும் என்றேன். புதுக் கடை எங்கே என்றார். இன்னும் கிடைக்கவில்லை என்றேன். அவர் பெட்டிகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பிக்காரன் கேஸு போட்டானா இல்லியா, அத்த மட்டும் சொல்லிடு."

"மாட்டேன்" என்றேன்.

நேராகப் போய் மொபெட்டை எடுத்தார். பின்னால் உட்காரச் சொன்னார். அடுத்த தெருவில் அவருடைய பெரியப்பா மகன் ஏகாம்பரத்தின் வீடு. அதன் கீழே, ஒரு தையல் கடைக்குப் பக்கத்தில் அவருடைய ஷட்டர் ஒன்று ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்தது. புத்தகக் கடை என்றதும் ஏகாம்பரமும் தலையைச் சொறிந்தார். வாடகை ஒழுங்காக வருமா, நாளைக்குத் தனக்கே கடை தேவைப்பட்டால் இத்தனை மூட்டையோடு இந்தம்மா நகருமா என்று இழுத்தார். கோதண்டம் அண்ணன் அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு தீர்ப்பு சொன்னார்:

"வாடகைக்கு நான் கேரண்டி. உனக்கு எப்ப வோணுமோ அப்ப காலி பண்ணிக்க, நான் இன்னா கேக்கப் போறேன்? ஆனா நான் கதைய முடிச்சப்புறம் பண்ணு."

நல்ல நாள் பார்த்து அந்தக் கடையில் பால் காய்ச்சினேன். பால் பொங்குவதற்குள் அவரே கத்தியை எடுத்துப் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேட ஆரம்பித்துவிட்டார். முதல் டம்ளரை மரியாதையாக அவர் கையில் கொடுத்தேன். அந்தக் கதை மொத்தம் ஏழு பாகம் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.